மலைநாட்டில் கௌராமி மீன் வளர்த்தல்
(சேர்வராயன் மலைக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கான பிரசங்கம்)



கூட்டுறவுச் சங்கத்தில் மீனைப் பற்றிப் பேசுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால் இவ்விரண்டு விஷயங்களும் சென்னை மாகாணத்தில் ஒரே மனிதரின் கையால் நடப்பட்டவை. சர் பிரெடரிக் நிக்கல்ஸன் என்பவர் கிராமக் கடன் சங்கங்களின் அவசியத்தை எடுத்துக்காட்டி எழுதிய அறிக்கை 1895, 1897 ஆகிய ஆண்டுகளில் இரு பாகங்களாக வெளிவந்தது. அதன் பின்னர் 1904-ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. அதே நிக்கல்ஸன்தான் 1907-ல் ஏற்பட்ட சென்னை மீன் இலாகாவுக்கும் முதல் தலைவராக இருந்து வழிகாட்டினார். அந்த இலாகா 1916-ல் ஜாவாவிலிருந்தும் மொரீஷியஸிலிருந்தும் பெரிய கௌராமி மீனைத் தருவித்தது. உணவுக்காக வந்த அந்த மீனின் சிறிய உறவினங்களே இன்று வீடுகளில் கண்ணாடித் தொட்டியில் அழகுக்காக வளர்க்கப்படுகின்றன.

இம்மலையிலும் அந்த ஆசை பரவி வருகிறது. ஆசை தவறன்று. ஆனால் மலைக்கு வரும் மீன் எளிதில் மாண்டுபோகக் கூடியது. குடியானவர் ஒருவர் மிளகு விற்ற பணத்தில் தொட்டியும் எட்டு மீன்களும் வாங்கி வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். மூன்றாம் நாள் இரண்டு சாகும். வாரத்திற்குள் ஆறு சாகும். குழந்தைகள் அழுவார்கள், வீட்டுப் பெண்கள் வீண் செலவு என்பார்கள், தொட்டி மூலைக்குப் போகும். இந்த நஷ்டத்திற்கு விதி காரணமல்ல. குளிர், ஜலம், அவசரம் என்னும் மூன்றுமே காரணம். மூன்றையும் அறிந்தால் மூன்றையும் தடுக்கலாம்.

மீனின் இயல்பு

கௌராமிக்குச் செவுள் இருப்பதோடு, தலைக்குள் செவுளுக்கு மேலே மடிப்பு மடிப்பான மற்றொரு சுவாச உறுப்பும் உண்டு. மீன் அடிக்கடி மேலே வந்து வாயால் காற்றை விழுங்கி அவ்வுறுப்பில் நிரப்பிக்கொள்ளும். வயல் வாய்க்கால்களில் விரால் மீன் மேலே வந்து காற்றுக் குடிப்பதைக் கண்டவர்களுக்கு இது புதிதாகாது. மேலே வரும் வழியை அடைத்தால், நல்ல ஜலத்திலும் கௌராமி மூச்சு முட்டிச் சாகும். மேலும் அது விழுங்கும் காற்று ஜலத்தைப் போலவே வெதுவெதுப்பாக இருக்கவேண்டும். மலைக் குளிர்காற்று நேராகப் பட்டால் தீங்கு நேரும்.

மார்புக்குக் கீழே நூல்போல் நீண்ட இரு துடுப்புகள் உள்ளன. குருடன் கோலால் தடவுவதுபோல் மீன் இவற்றால் எதையும் தொட்டு அறிகிறது. இவற்றைக் கடிக்கும் மீன்களை ஒரே தொட்டியில் சேர்க்கலாகாது.

இவ்வினத்தைச் சேர்ந்த சிறு மீன் ஒன்று தமிழ்நாட்டிலும் இயற்கையாக வாழ்கிறது. வால் நடுவில் கூராக நீண்ட அம்மீனை, புதுச்சேரியை அடுத்த அரியாங்குப்பத்து ஆற்றிலிருந்து கிடைத்ததைக் கொண்டு பிரெஞ்சு விஞ்ஞானி குவியே 1831-ல் விவரித்தார். அதன் விஞ்ஞானப் பெயரிலுள்ள ‘குபானஸ்’ என்ற சொல் அந்த ஊர்ப்பெயரிலிருந்து வந்ததாகும்.

எந்த மீனை வாங்குவது?

கடைகளில் கௌராமி என்ற பெயரில் பலவகை மீன்கள் விற்கப்படுகின்றன. பெயரை மட்டும் கேட்டு வாங்குவது, விதையின் ரகத்தைக் கேளாமல் விதைப்பது போன்றதே.

தேன் கௌராமி சுமார் 5 சென்டிமீட்டர் வளரும். சாதுவானது. ஆண் மீன் பருவத்தில் தேன்நிறம் கொண்டு, தொண்டையும் அடிவயிறும் கருத்துத் தோன்றும். குட்டைக் கௌராமி சுமார் 7 சென்டிமீட்டர் வளரும். ஆண் மீனுக்குச் சிவப்பும் நீலமுமான பட்டைகள் உண்டு. பெண் வெள்ளி நிறம். இவ்விரண்டும் கங்கை, பிரம்மபுத்திரைப் பிரதேசங்களுக்கு உரியவை. பிரான்சிஸ் ஹாமில்டன் 1822-ல் வெளியிட்ட கங்கை மீன்கள் பற்றிய நூலில் இரண்டையும் விவரித்திருக்கிறார்.

நிறத்தைக் கண்டு பலரும் குட்டைக் கௌராமியையே விரும்புகின்றனர். ஆனால் பண்ணைகளில் நெருக்கமாக வளர்க்கப்படும் அவ்வினத்தில் ஒரு வைரஸ் நோய் உலகெங்கும் பரவியிருக்கிறது. நிறம் மங்குதல், இரை எடாமை, உடல் வீக்கம், புண் ஆகியவை அதன் அடையாளங்கள். அதற்கு மருந்தில்லை. ஆகவே புதிதாகத் தொடங்குகிறவர்கள் தேன் கௌராமியையே எடுத்துக்கொள்வது நலம்.

முத்துக் கௌராமி 10 முதல் 12 சென்டிமீட்டர் வரை வளர்வதால் பெரிய தொட்டி வேண்டும். சாக்லேட் கௌராமி மலேயா, சுமத்ரா, போர்னியோ காடுகளில் இலை ஊறிய புளிப்பு ஜலத்தில் வாழ்வது. கைதேர்ந்தவர்களுக்கும் சிரமம் தருவது. முதலிற் கூறிய பெரிய கௌராமியின் குஞ்சு விரலளவாக இருந்து ஆசை காட்டும். வளர்ந்தால் 70 சென்டிமீட்டர் வரை எட்டும். வீட்டுத் தொட்டிக்கு அது ஆகாது.

எங்கே, எப்படி வாங்குவது?

அலங்கார மீன் வியாபாரத்திற்குத் தமிழ்நாட்டில் பெயர்பெற்ற இடம் சென்னைக் கொளத்தூர். சேலம் மாவட்டத்தில் மேட்டூருக்கு அருகேயும் ஒரு கொளத்தூர் இருப்பதால் அங்கத்தினர்கள் குழப்பமடைய வேண்டாம். சேலம் நகரிலும் கடைகள் உள்ளன. அருகிலுள்ள கடையில் மீன் சற்று விலை கூடினாலும், பிரயாணத்தின் அலுப்புக் குறைவதால் அதுவே பல சமயம் லாபமாகும்.

கடையில் கவனிக்க வேண்டியவை இவை. மீன் வந்து எத்தனை நாளாயிற்று என்று முதலில் விசாரிக்கவேண்டும். முந்திய நாள் வந்த மீனை வாங்காமல், இரண்டு வாரமேனும் கடையில் தங்கித் தேறிய மீனை வாங்கவேண்டும். கண்ணெதிரே இரை போடச்சொல்லி, ஓடிவந்து தின்னும் மீனையே தெரிந்தெடுக்கவேண்டும். வயிறு ஒட்டியது, வீங்கியது, துடுப்புகளை ஒடுக்கிக்கொண்டு மூலையில் நிற்பது, வெண்புள்ளி உள்ளது ஆகியவற்றைத் தள்ளவேண்டும். அதே தொட்டியில் செத்த மீன் ஒன்று கிடந்தாலும், அத்தொட்டியில் எதையும் வாங்கலாகாது.

ஒரு ஆணுக்கு இரண்டு பெண் என்பது நல்ல கணக்கு. சிறு தொட்டியில் இரண்டு ஆண்களை விட்டால் ஒன்று மற்றொன்றைத் துரத்தி வருத்தும்.

மலையேற்றும் முறை

பிரயாணத்துக்கு முந்திய நாள் மீனுக்கு இரை போடக் கூடாது. பையில் மூன்றில் ஒரு பங்கு ஜலமும் மற்றது காற்றுமாக இருக்கவேண்டும். பைகளைத் தெர்மாக்கோல் பெட்டிக்குள் வைத்து மூடினால் சமவெளியின் வெப்பமும் மலையின் குளிரும் தாக்கா.

மலைக்கே உரிய ஒரு விஷயம் உண்டு. சேலம் கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 280 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். மேலே ஏற ஏறக் காற்றின் அழுத்தம் குறைவதால், கீழே விறைப்பாகக் கட்டிய பை 20 கொண்டையூசி வளைவுகளையும் கடந்து வருவதற்குள் மேலும் உப்பும். கட்டு அவிழவோ பை கிழியவோ கூடும். ஆகவே பையைச் சற்றுத் தளர்வாகக் கட்டி, இரட்டைப் பையாகப் போடச் சொல்லவேண்டும்.

டிசம்பர், ஜனவரி மாதங்களில் மீன் கொண்டுவருவதைத் தவிர்க்கவேண்டும். கோடையில் வெயிலுக்கு முன் விடியற்காலையில் சேலத்தைவிட்டுப் புறப்படவேண்டும்.

வீடு சேர்ந்ததும் மீனை அவசரப்பட்டுத் தொட்டியில் கொட்டலாகாது. கட்டிய பையைத் தொட்டி ஜலத்தில் கால்மணி நேரம் மிதக்கவிட வேண்டும். பிறகு கட்டை அவிழ்த்து, ஐந்து பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை ஒரு தம்ளர் தொட்டி ஜலத்தைப் பையில் சேர்த்து, ஒரு மணி நேரம் சென்றபின் மீனை மட்டும் வலையால் எடுத்து விடவேண்டும். பை ஜலத்தைத் தொட்டியில் சேர்க்கவே கூடாது. நோய் அதன் வழியாகவும் வரும்.

தொட்டியும் உஷ்ணமும்

60 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம், 30 உயரம் உள்ள தொட்டி 54 லிட்டர் கொள்ளும். மூன்று அல்லது நான்கு தேன் கௌராமிகளுக்கு அது போதும். ஜலம் மட்டுமே 54 கிலோ எடை என்பதால் பலகை உறுதியாகவும் சமமாகவும் இருக்கவேண்டும். ஜன்னலுக்கும் வாசலுக்கும் நேரே தொட்டியை வைக்கக் கூடாது.

இம்மீன்களுக்கு 24 முதல் 28 டிகிரி உஷ்ணம் தகுந்தது. மார்கழி, தை மாத இரவுகளில் ஏற்காட்டில் 13 டிகிரி அளவுக்கும் இறங்குவதுண்டு. எனவே தானே நின்று தானே எரியும் மின்சார வெப்பமூட்டி இங்கு ஆடம்பரமன்று, அத்தியாவசியம். லிட்டருக்கு ஒரு வாட் என்பது பொதுவான கணக்கு. 50 வாட் கருவி நாளில் பாதி நேரம் எரிந்தால் 0.6 யூனிட், மாதத்துக்கு 18 யூனிட் செலவாகும். இச்செலவைச் சுமக்க இயலாதவர்கள் இம்மீனை வாங்காதிருப்பதே மீனுக்கும் பணத்துக்கும் நல்லது. உஷ்ணமானி ஒன்று தொட்டியில் எப்போதும் இருக்கவேண்டும்.

மழைக்காலத்தில் மின்சாரம் நின்றுபோவது மலையில் சகஜம். அப்போது கம்பளியாலோ சாக்காலோ தொட்டியின் நாற்புறமும் சுற்றிவிட வேண்டும். சுடுநீர் நிரப்பி மூடிய பாட்டில்களைத் தொட்டியில் மிதக்கவிடலாம். சுடுநீரை நேராக ஊற்றக் கூடாது.

தொட்டிக்குக் கண்ணாடி மூடி அவசியம். ஜலமட்டத்திற்கும் மூடிக்கும் நடுவே நாலு விரற்கடை இடம்விட்டால் அங்கே வெதுவெதுப்பான ஈரக்காற்றுத் தங்கும். மீன் அதைக் குடிக்கும். காற்று புகச் சிறு சந்தும் வேண்டும்.

ஜலத்தைப் பற்றி

கழிவில் உண்டாகும் அம்மோனியா மீனுக்கு விஷம். கண்ணுக்குத் தெரியாத நல்ல நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அவை பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். குளிரில் இன்னும் தாமதமாகும். எனவே தொட்டியை அமைத்து, வெப்பமூட்டியையும் ஸ்பாஞ்சு வடிகட்டியையும் ஓட்டி, தினம் ஒரு சிட்டிகை இரையைப் போட்டு வைத்து, அம்மோனியாவும் நைட்ரைட்டும் இல்லையென்று சோதனையில் தெரிந்தபின்பே மீன் வாங்கப் போகவேண்டும். தொழுவம் கட்டியபின் மாடு வாங்குவது போன்றதே இது. மீன்கள் முதல் வாரத்தில் சாவதற்கு இந்தப் பொறுமையின்மையே பெருங்காரணம்.

வாரந்தோறும் கால்பங்கு ஜலத்தை மாற்றவேண்டும். மேற்படி தொட்டிக்கு அது ஏறக்குறைய ஒரு குடம். புது ஜலமும் அதே உஷ்ணத்தில் இருக்கவேண்டும். குழாய் ஜலத்தில் குளோரின் இருந்தால் திறந்த பாத்திரத்தில் ஒரு நாள் வைத்தாறவிட வேண்டும். அல்லது கடையில் கிடைக்கும் குளோரின் முறிக்கும் மருந்தைச் சேர்க்கவேண்டும்.

மலை ஊற்று ஜலமும் மழை ஜலமும் மென்மையானவை, கௌராமிக்கு ஏற்றவை. ஆனால் ஓர் ஆபத்தை இங்குள்ளவர்கள் மறக்கலாகாது. காப்பிச் செடிக்கும் மிளகுக்கொடிக்கும் தெளிக்கும் போர்டோக் கலவையில் மயில்துத்தம் இருக்கிறது. அதிலுள்ள செம்பு மிகச் சொற்பமாயினும் மீனைக் கொல்லும்; மென்மையான ஜலத்தில் அதன் விஷம் இன்னும் கடுமை. ஆதலால் மருந்து தெளித்த தோட்டத்தின் கீழுள்ள ஓடையில் ஜலம் எடுக்கக் கூடாது. மருந்து கலக்கிய வாளியைத் தொட்டிக்கு உபயோகிக்கக் கூடாது. மருந்து தெளித்த கையைத் தொட்டிக்குள் விடக் கூடாது. செப்புக் குடத்திலும் பித்தளை அண்டாவிலும் நின்ற ஜலம் மனிதருக்கு நல்லதாயினும் மீனுக்கு ஆகாது. மழை ஜலத்தைப் பிடிப்பவர்கள் முதல் மழையை விட்டுவிட வேண்டும்.

கௌராமி தேங்கிய நீரின் பிள்ளை. வேகமான நீரோட்டம் அதற்குப் பிடிக்காது. வேலம்பாசியும் சில மிதக்கும் செடிகளும் இருந்தால் அச்சமின்றி வெளியே உலாவும்.

இரையும் குஞ்சும்

வாய் சிறியதாகையால் பொடி இரையே போடவேண்டும். நாளைக்கு இருமுறை, இரண்டு மூன்று நிமிஷத்தில் தின்று தீர்க்கும் அளவே போதும். வாரத்தில் ஒரு நாள் பட்டினி நல்லது. கொசுப்புழுவை விரும்பித் தின்னும். ஆனால் இரைக்கென்று வீட்டில் ஜலம் தேக்கிக் கொசு வளர்ப்பது டெங்குக் காய்ச்சலுக்கு அழைப்பு விடுவதாகும்.

ஆண் மீன் ஜலத்தின் மேல் எச்சிற் குமிழிகளால் கூடு கட்டும். ஜலத்தை ஒரு சாண் அளவுக்குக் குறைத்தால் கூடு நிலைக்கும். முட்டைகளை அக்கூட்டில் சேர்த்து ஆண் மீனே காவல் காக்கும். காவல் காலத்தில் பெண்ணைத் துரத்துமாதலால் பெண்ணை உடனே வேறிடம் மாற்றவேண்டும். சுமார் ஒன்றரை நாளில் முட்டை பொரியும். மேலும் இரண்டு மூன்று நாளில் குஞ்சுகள் நீந்தும். அப்போது ஆணையும் எடுத்துவிட வேண்டும். குஞ்சுகளுக்குக் காற்றுக் குடிக்கும் உறுப்பு சில வாரங்களில்தான் உருவாகும். அந்த நாட்களில் மூடியைத் திறந்து குளிர்காற்றை விட்டால் ஒரே இரவில் எல்லாம் அழியும்.

சங்கத்தின் பங்கு

தனித்தனியாக நால்வர் நான்கு முறை போய் வருவதைவிட, இருபது பேர் சேர்ந்து விவரம் தெரிந்த ஒருவரை அனுப்பினால் வண்டிச் சத்தம் குறையும். நல்ல மீனும் கிடைக்கும். வந்த மீன்களை நான்கு வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்த பின்பே பங்கிடவேண்டும். அந்தக் காவல் தொட்டிக்கு வேறு வலை, வேறு வாளி வேண்டும். அதில் இறந்த மீன்களின் நஷ்டத்தை, பணம் கட்டியவர்கள் எல்லோரும் விகிதப்படி ஏற்கவேண்டும் என்று முன்னதாகவே தீர்மானித்து மினிட் புத்தகத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். வாங்கிய தேதி, இடம், எண்ணிக்கை, சாவு ஆகியவற்றைக் குறித்துவந்தால் எந்தக் கடை நம்பத்தக்கது என்பது ஓராண்டில் தானே விளங்கும்.

பணம் பற்றியும் ஒளிவுமறைவின்றிச் சொல்லியாக வேண்டும். குஞ்சு பொரித்து விற்றுச் செல்வம் சேர்க்கலாம் என்ற ஆசை வார்த்தைகள் காதில் விழும். சமவெளியில் வெயில் இலவசமாகத் தரும் உஷ்ணத்தை மலையில் மின்சாரத்துக்குப் பணம் கட்டி வாங்கவேண்டியிருக்கிறது. இந்த நிலையில் சமவெளிப் பண்ணைகளோடு விலையில் போட்டியிடுவது கடினம். மலையில் இது வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஏற்ற ஒரு நல்ல பொழுதுபோக்கு. ஆகவே சேமிப்பில் மிஞ்சியதைச் செலவிடலாம். பயிர்க்கடனாக வாங்கிய பணத்தில் ஒரு காசும் மீன் தொட்டிக்குப் போகலாகாது. காப்பிக்கும் மிளகுக்கும் உரமிட வேண்டிய பணம் கண்ணாடிக்குள் போனால், தவணை நாளில் ஜாமீன் நின்றவர் தலைகுனிய நேரும்.

கடைசியாக ஒன்று. அலுத்துப்போன மீனையும் செடியையும் ஏற்காட்டு ஏரியிலோ ஓடையிலோ விடுவது பெரும் பிழை. 1952-ல் வெளிநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட ஜிலேபிக் கெண்டை இன்று தமிழ்நாட்டு ஏரி குளங்களில் எங்கும் பரவி நாட்டு மீன்களுக்கு இடமில்லாமல் செய்திருக்கிறது. தொட்டியில் பெருகும் ஆகாயத்தாமரை போன்ற மிதவைச் செடி ஏரியை மூடிவிடும். வேண்டாத மீனைச் சங்கத்தின் மூலம் வேறு அங்கத்தினருக்குக் கொடுக்கலாம். செடியைக் காயவைத்து எருக்குழியில் போடலாம்.

அங்கத்தினர்களே! பேச முடியாத ஒரு சிற்றுயிர், இந்தக் குளிர்ந்த மலையில் வளர்ப்பவரின் கவனம் ஒன்றையே நம்பி வாழ்கிறது. ஆறு வாரம் காத்திருந்து, ஜலத்தைச் சோதித்து, நான்கு பேர் கலந்து வாங்குகிறவர் வீட்டில் அம்மீன் இரண்டு மூன்று வருஷம் வாழும். அந்தப் பொறுமையும் கணக்கும் கைவந்தவர்கள் சங்கத்தின் மற்றக் காரியங்களிலும் குறைபட மாட்டார்கள்.